ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

சுகிர்தபுரத்து மிஷன் வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றபடியே செத்துப்போய், செத்த பிறகும் கீழே விழாமல், இடுப்பில் வெறுங்குடத்தோடு பதினோரு மாதம் நின்றாள் என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் முதலில் அது எப்படி என்றுதான் கேட்கிறார்கள். எங்களுக்கு அந்தச் சந்தேகம் ஒரு நாளும் வந்ததில்லை. அவள் நின்றாள், நாங்கள் பார்த்தோம், பார்த்துக்கொண்டே பால் வாங்கப் போனோம், பார்த்துக்கொண்டே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம், கல்யாண ஊர்வலம் வந்தால் அவளை ஒரு சுற்றுச் சுற்றி வளைத்துக் கொண்டுபோனோம். பழகிப்போனால் எதுவும் பழகிப்போகும்.

எங்கள் ஊர் தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிறது. தேரி என்றால் செக்கச்செவேலென்ற மணல் மேடு. ஆடிக் காற்று அடித்தால் இந்த வருஷம் இங்கே இருக்கிற மேடு அடுத்த வருஷம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். எங்கே தோண்டினாலும் கரிக்கிற தண்ணீர்தான். எங்கள் தாத்தாமார் ஞானஸ்நானம் வாங்கிய வருஷம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மிஷன் காம்பவுண்டுக்குள் வெட்டிய கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் பீறிட்டு வந்தது. மறுநாள் ஓய்வுநாள் என்பதால் அவர்கள் ஒரு வாய் கூடக் குடிக்காமல், கிணற்றைச் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டே திங்கட்கிழமை வரை காத்திருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் நேர்ந்துகொண்ட பொருத்தனை, கர்த்தருடைய நாளில் இந்தக் கிணற்றில் கயிறு இறங்காது என்று. சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் கோயில்பிள்ளை வாளியையும் கயிற்றையும் கழற்றி ஆலயத்துப் பக்க அறையில் வைத்துப் பூட்டிவிடுவார். மணியடிப்பது, பாய் விரிப்பது, விளக்குத் துடைப்பது எல்லாம் அவர் வேலை. அவருக்குத் தவசிமுத்து என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடு தீப்பிடித்தபோது ஊரே சுற்றி நின்று கீர்த்தனை பாடி அதை எரியவிட்டது என்பதை நாங்கள் விருந்தாளிகளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

மிஷனரி ஞானாபரணம் எங்கள் ஊர்க்காரர் இல்லை. தேரிக்குள் பனையேறிகள் ஓலைக் குடிசை போட்டுப் பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பார்கள், அந்தக் குடிசைக்கு விடிலி என்று பெயர். அந்த விடிலி ஜனங்களுக்குச் சுவிசேஷம் சொல்லத்தான் மிஷன் சங்கம் அவரை அனுப்பியது. ஒன்பது வருஷம், வெள்ளிக்கிழமை தவறாமல், சுடுமணலில் செருப்பு அறுந்தால் வெறுங்காலோடு நடந்துபோய், பனை நிழலில் நின்று பாடி, பிரசங்கம் செய்து, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். விடிலிக்காரர்கள் நல்லவர்கள், அவருக்குப் பதனீர் கொடுத்தார்கள், பாட்டை ரசித்தார்கள், போய் வாங்க சாமி என்று கும்பிட்டு அனுப்பினார்கள். ஒருவரும் மனந்திரும்பவில்லை. ஒவ்வொரு நாள் குடும்ப ஜெபத்திலும் அவர், "ஆண்டவரே, ஒரே ஒரு ஆத்துமாவையாவது என் வாசலுக்கு அனுப்பும்" என்று உரக்கக் கேட்பார். சுவருக்கு இந்தப் பக்கம் போகிற எங்களுக்கே அந்த ஜெபம் மனப்பாடம்.

அந்த ஞாயிறு புரட்டாசியில் வந்தது. பனைக் காலம் முடிந்து விடிலிகள் காலியாகிவிட்டன, மழை இன்னும் வரவில்லை, வெயில் மட்டும் யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல் நின்றுகொண்டிருந்தது. திருவிருந்து ஆராதனை. ஆராதனை தொடங்குகிற மூன்றாம் மணி அடிக்கிறது, மிஷனரி வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வாசலுக்கு வருகிறார், அவரை அழைத்துப்போக சபையை நடத்துகிற சேகர கமிட்டியின் பெரியவர் சுவாமியடியான் வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து நிற்கிறார். வெளியே ஒரு பெண். முழங்கால் வரை செம்மண், இடுப்பில் மண்குடம்.

"சாமி, ஒரு கொடம் தண்ணி தாங்க."

"இன்னைக்கு ஓய்வுநாள்மா. கெணத்துல கயிறு எறங்காது."

"ஒரே ஒரு கொடம் சாமி. அங்கன..." என்று அவள் தேரிப் பக்கம் கையைக் காட்டினாள்.

மிஷனரியின் மனைவி ஞானப்பூ உள்ளேயிருந்து ஒரு செம்பு நிறைய வீட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்கக் கொடுப்பதற்கு எங்களிடம் ஒரு தடையும் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஓய்வுநாளில் குடிக்கலாம், குடிக்கக் கொடுக்கலாம், குடத்தில் நிரப்பிக்கொண்டு போகத்தான் கூடாது, ஏனென்றால் அது வேலை. அந்தப் பெண்ணோ செம்பைக் கையில் வாங்காமல் குடத்து வாயை நீட்டினாள்.

"குடிக்கத் தந்தா கொடத்த நீட்டுதா பாருங்க அய்யா," என்றார் சுவாமியடியான். "தாகமுள்ளவ செய்யுற வேலையா இது?"

மிஷனரி மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தினார். "குடிக்கிறதுன்னா குடிம்மா. நெரப்ப முடியாது. நாளைக்குக் காலையில வா, எத்தன கொடம்னாலும் எடுத்துக்க."

"நாளைக்கு வரைக்கும் தாங்காது சாமி."

"ஆராதனை முடியட்டும். பேசிக்கிடுவோம்."

மணி நின்றது. மிஷனரியும் பெரியவரும் அவளைத் தாண்டி ஆலயத்துக்குப் போனார்கள்; ஞானப்பூ கதவைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனாள். அன்றைக்குப் பிரசங்கம் நீளம், பாட்டும் நீளம், அப்பமும் திராட்சரசமும் வாங்க வரிசையும் நீளம். மூன்று மணி நேரம் கழித்து நாங்கள் வெளியே வந்தபோது அவள் இடுப்புக் குடத்தோடு அதே இடத்தில் நின்றாள். மிஷனரி, "சரி, சொல்லும்மா" என்றார். அவள் கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை.

ஆசுபத்திரி டாக்டர் வந்து மூக்கருகே கண்ணாடி பிடித்துப் பார்த்துவிட்டு, செத்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்தார். எட்டு ஆட்கள் தூக்கினார்கள், அசையவில்லை. இரண்டு ஜோடி மாடு கட்டி இழுத்தார்கள், மாட்டுக்கு நுரை தள்ளியதுதான் மிச்சம். சுற்றிலும் தோண்டிப் பார்த்தார்கள், பள்ளத்துக்கு நடுவில் அவள் காலடி மண் மட்டும் தூண் மாதிரி நின்றது, ஆகவே மறுபடி மூடினார்கள். இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து சுற்றி நடந்து, பிரேதம் அப்புறப்படுத்தும் நிலையில் இல்லை என்று எழுதி, சாட்சிக்கு எங்களில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவள் கெட்டுப்போகவில்லை, நாறவில்லை. ஐப்பசி மழை அவள் மேல் பெய்து வடிந்தது, மார்கழிப் பனி அவள் முடியில் நின்றது, குடத்துக்குள் மட்டும் ஒரு சொட்டு ஈரம் தங்கவில்லை.

அப்புறம் நாங்கள் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். அடுத்த ஞாயிறே சுவாமியடியான் ஆலயத்தில் எழுந்து, பொருத்தனையைக் கெடுக்க வந்தவளைக் கர்த்தர் வாசலிலேயே நிறுத்திப்போட்டார் என்று சாட்சி சொன்னார். எங்களுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூன்று தலைமுறையாகக் கட்டிக்காத்ததற்கு வானத்திலிருந்து முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி இருந்தது. மற்றச் சேகரங்களிலிருந்து மாட்டுவண்டி போட்டுக்கொண்டு பார்க்க வந்தார்கள், வந்தவர்களுக்கு நாங்கள் மோர் கொடுத்து விளக்கம் சொன்னோம். மிஷன் சங்கத்திலிருந்து ஞானாபரணத்தின் உறுதியைப் பாராட்டிக் கடிதம் வந்தது, ஆலயத்தில் வாசித்தோம். இந்தப் பக்கம் இப்படி என்றால், சுற்றுவட்டாரத்து இந்து ஜனங்கள் அநியாயமாகச் செத்தவளைச் சும்மா விடுவார்களா? மஞ்சள் பூசினார்கள், சிவப்புச் சேலை சுற்றினார்கள், குடத்தம்மன் என்று பேர் வைத்துச் செவ்வாய்க்கிழமை சேவல் அறுத்தார்கள். எங்கள் வாலிபர் சங்கம் கம்போடு போனது. இரண்டு மண்டை உடைந்தது. கடைசியில் தாசில்தார் முன்னால் உடன்படிக்கை ஆயிற்று: அவளுக்கு மேற்குப் பக்கம் அவர்களுக்கு, கிழக்குப் பக்கம் எங்களுக்கு. ஆட்டுக்காரர்கள் எந்தப் பக்கமும் சேராமல் கயிற்றை அவள் கையில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஆளுக்கு ஒரு விதமாக அவள் எல்லாருக்கும் உபயோகப்பட்டாள்.

ஞானாபரணம் மட்டும் மெலிந்துகொண்டே வந்தார். பாராட்டுக் கடிதம் வாசித்த அன்று அவர் தலையைத் தூக்கவே இல்லை, அதைத் தாழ்மை என்று நினைத்தோம். வெள்ளிக்கிழமை விடிலிப் பயணத்தை நிறுத்தினார், அதை ஓய்வு என்று நினைத்தோம். குடும்ப ஜெபத்தில் அந்தப் பழைய வேண்டுதல் கேட்கவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் பால் கொண்டுபோனவள் சுவருக்கு அப்பால் அவர் குரலைக் கேட்டாள்: "ஒன்பது வருஷம் கேட்டேன். நீர் அனுப்பினீர். நான் மணி அடிச்சிட்டுன்னு போயிட்டேன். இனிமே உம்மகிட்ட என்னத்தக் கேக்க? கேட்டா நீர் தந்துருவீரோன்னு பயமா இருக்கு." பால்காரி இதை ஊரெல்லாம் சொன்னாள். அய்யாவுக்குப் பித்தம் என்று முடிவு செய்து, சீரகக் கஷாயம் அனுப்பினோம்.

பங்குனியில் ஒரு நாள், துணி உலர்த்திக்கொண்டிருந்த ஞானப்பூவிடம் அவர் கேட்டார்.

"அவ ஏன் செம்புத் தண்ணிய வாங்கிக் குடிக்கல?"

ஞானப்பூ கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமல் பிழிந்துகொண்டே நின்றாள். "அவளுக்கு இல்ல அந்தத் தண்ணி. தேரிக்குள்ள யாரோ கெடந்திருக்காவ. கொண்டுபோகத்தான் கொடத்த நீட்டுனா."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல?"

மறுநாளே ஞானாபரணம் தேரிக்குள் போனார். தினமும் போனார். பங்குனி முழுக்க, சித்திரை முழுக்க, ஒன்பது வருஷமாகத் தனக்குத் தெரிந்த விடிலி ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் பார்த்தார். புதிதாகக் காய்ச்ச வந்திருந்தவர்களிடம் அவளைப் பற்றி விசாரித்தார். போன வருஷம் பனையிலிருந்து விழுந்து செத்த ஒருவனுடைய பெண்சாதி ஊர் திரும்பாமல் தங்கிவிட்டாள் என்றார்கள், எந்த மேட்டுக்குப் பின்னால் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மேடே நகர்ந்துபோயிருந்தது. அவர் மணலைக் கையால் தோண்டித் தோண்டி நகக்கண்ணில் ரத்தத்தோடு திரும்பி வருவார், வந்து அவள் முன்னால் நின்று, யாரு அது, யாரு அது என்று கேட்பார். நாங்கள் கிழக்குப் பக்கமாக ஒதுங்கிப் போவோம்.

பிறகு அவர் குடத்தை நிரப்பிப் பார்த்தார். திங்கட்கிழமைத் தண்ணீரை ஊற்றினார், மணலில் ஊற்றின மாதிரி உள்ளே போய் மறைந்தது. குடத்தில் ஓட்டை கிடையாது, தரை நனையவில்லை. செவ்வாய், புதன், சனி என்று எல்லாத் தண்ணீரும் அப்படியே போயிற்று. சனிக்கிழமை இறைத்து வைத்ததை ஞாயிற்றுக்கிழமை ஊற்றிப் பார்த்தார், அதுவும் நிற்கவில்லை. அவள் கேட்டது ஞாயிற்றுக்கிழமை கிணற்றிலிருந்து எடுக்கிற தண்ணீர். அதைத்தான் இல்லை என்று சொன்னோம். இது விளங்கியபோது அவர் முகத்தில் பதினோரு மாதத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது என்று ஞானப்பூ பின்னால் சொன்னாள். அவளுக்கு அதைப் பார்த்துப் பயமாக இருந்ததாம்.

ஆவணியில் அவர் கமிட்டியைக் கூட்டினார். அடுத்த ஞாயிறு கிணற்றில் கயிறு இறங்க அனுமதி வேண்டும் என்றார்.

சுவாமியடியான் எழுந்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. எரிந்துபோன அந்த வீடு அவர் அப்பாவின் வீடு, அதற்குள் அவருடைய பாட்டனார் படுத்த படுக்கையாகக் கிடந்தார் என்பதை நாங்கள் விருந்தாளிகளுக்குச் சொல்வதில்லை.

"அய்யா, இந்தப் பொருத்தனைக்கு நாங்க என்னென்னத்தக் குடுத்திருக்கோம்னு ஒங்களுக்குத் தெரியாது. இத ஒடச்சா, குடுத்ததெல்லாம் வீண்னு ஆயிரும். ஒரு கொடம் தண்ணிக்காகவா?"

"ஆமா பெரியவரே. ஒரு கொடம் தண்ணிக்காகத்தான்."

"அப்ப நீங்க எங்களுக்கு மிஷனரியா இருக்க முடியாது."

"நான் போன புரட்டாசியிலயிருந்தே மிஷனரி இல்ல."

சனிக்கிழமை சாயங்காலம் தவசிமுத்து வழக்கம்போல வாளியையும் கயிற்றையும் பூட்டினார். பூட்டிவிட்டு மிஷன் வீட்டுக்கு வந்து, "என் கையால எடுத்துத் தர மாட்டேன் அய்யா, எங்க அப்பா எனக்குச் சொல்லிட்டுச் செத்தது இது ஒண்ணுதான்," என்று சொல்லி, சாவியை மேசை மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மறுநாள் மூன்றாம் மணி அடித்து நாங்கள் எல்லோரும் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தபோது, பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கேட்டிராத சத்தத்தைக் கேட்டோம்: கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. கூட்டம் முழுவதும் ஒரே ஆளாக எழுந்தது. ஓடிவந்தோம். அங்கியோடு நின்று அவர் இறைத்துக்கொண்டிருந்தார். சுவாமியடியான் கயிற்றைப் பிடித்தார், வாலிபர்கள் அங்கியைப் பிடித்தார்கள், அது தோளிலிருந்து கிழிந்தது, யாரோ ஒருவர் அவரை அடித்தார். யார் என்று தெரியும், சொல்ல மாட்டேன். ஞானப்பூ வாளியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ரத்தம் வழிகிற வாயோடு அவரும் பின்னால் ஓடினார். இருவரும் சேர்ந்து அவள் குடத்தில் ஊற்றினார்கள்.

குடம் நிறையும்போது ஒரு சத்தம் வருமே, அடியில் பெரிதாகத் தொடங்கிக் கழுத்தில் வந்து மெலிந்து போகும், அந்தச் சத்தத்தைக் கேட்டு நாங்கள் அப்படியே நின்றோம். இன்னும் இரண்டு வாளி இறைத்தார்கள், யாரும் தடுக்கவில்லை. குடம் தளும்பியது. பாரம் ஏறினதும் அவள் இடுப்பு சற்று வளைந்து கொடுத்தது. அவள் குடத்தைச் சரியாக இடுக்கிக்கொண்டு, சிவப்புச் சேலையும் மஞ்சளுமாகத் திரும்பி, தேரியைப் பார்த்து நடந்தாள்.

நாங்கள் பின்னால் போனோம். அப்பமும் ரசமும் பீடத்தில் கிடக்க, சபை முழுவதும் செருப்பில்லாமல் அந்த மணலில் நடந்தது; மேற்குப் பக்கத்து ஜனங்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் ஒரு சொட்டும் சிந்தாமல் மேட்டில் ஏறினாள், பள்ளத்தில் இறங்கினாள், உடைமரத்துக்கு அந்தப் பக்கம் போனாள். எங்கள் வாசலிலிருந்து அரை மணி நேர நடைதான். ஆடிக் காற்று ஒரு மேட்டை நகர்த்தி, அதன் அடியில் கிடந்த விடிலி ஒன்றின் ஓலைக் கூரையை வெளியே விட்டிருந்தது. அவள் குனிந்து உள்ளே போனாள். கூரை பாதி போயிருந்ததால் எங்களுக்கு எல்லாம் தெரிந்தது.

பாய் மேல் ஒரு சின்னப் பிள்ளையின் எலும்பு. கழுத்துப் பக்கம் நீலப் பாசிமாலை. கைக்கு எட்டுகிற தூரத்தில் கவிழ்ந்த சிரட்டை ஒன்று. பிள்ளை பாயிலிருந்து கதவுப் பக்கம் கொஞ்ச தூரம் ஊர்ந்து வந்து, மறுபடியும் பாய்க்கே போய்ப் படுத்திருக்கிறது என்பது தரைமண்ணில் காய்ந்து கிடந்த தடத்தில் தெரிந்தது.

அவள் உட்கார்ந்து, தலையைத் தூக்கி மடியில் வைத்து, கையால் தண்ணீர் அள்ளி வாயில் விட்டாள். "இந்தா தாயி, குடி. பைய, பைய." தண்ணீர் எலும்பு வழியாக இறங்கி மணலில் போயிற்று. குடம் பாதியாகும் வரை கொடுத்தாள். முந்தானையை நனைத்து நெற்றியைத் துடைத்தாள்.

ஞானாபரணம் விடிலி வாசலில் முழங்காலில் விழுந்தார். அவர் அத்தனை மாதமும் எதற்காகக் காத்திருந்தார் என்று அப்போது எங்களுக்குத் தெரிந்தது: ஒரு சாபம். அவள் வாயால் ஒரு சாபம் கிடைத்தால் போதும், அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளைக் கழித்துவிடுவார். "யம்மா, என்னைச் சபிச்சிரு," என்று அழுதார். "நான்தான். நான்தான் அன்னைக்கு..."

அவள் உதட்டில் விரலை வைத்தாள். "சத்தம் போடாதீங்க சாமி. இப்பத்தான் கண்ணு அசந்திருக்கா." பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள், விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "நல்ல நேரத்துல தந்தீங்க. இன்னுங் கொஞ்சம் பிந்தியிருந்தா எம்புள்ள போயிருப்பா. ஒங்க வீட்டுல விளக்கெரியணும் சாமி."

அவள் பிள்ளையின் பக்கத்தில் படுத்து, அதன் மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, எல்லாரும் சாகிற மாதிரி செத்துப்போனாள்.

இரண்டு பேரையும் அங்கேயே அடக்கம் பண்ணினோம். குழியை மூடிய பிறகு தவசிமுத்து, நடுவதற்கு வைத்திருந்த கல்லில் என்ன பெயர் கொத்த வேண்டும் என்று கேட்டார். நாங்கள் மிஷனரியைப் பார்த்தோம், அவர் ஞானப்பூவைப் பார்த்தார், மேற்குப் பக்கத்து ஜனங்கள் எங்களைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றோம். அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். கேட்டிருக்கலாம்.